தாங்கியின் நீர்மட்டம் பி.எல்.சிக்குள் இலக்கமாவது எப்படி: அனலொக் மொடியூல்கள் பற்றிய முழுமையான வழிகாட்டி

வன்னியில் நெல் ஆலை, ஐஸ் ஆலை, குடிநீர்த் திட்டம் என்று கொன்ட்ரோல் பனல் வைத்த இடங்களில் பி.எல்.சி, அதாவது இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி, பழகிய பொருளாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது, இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. படித்துவிட்டு வரும் பிள்ளைகள் டிஜிற்றல் பக்கத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சுவிட்ச் போட்டால் 1, எடுத்தால் 0. அனலொக், அதாவது இடையிலுள்ள எந்த அளவையும் எடுக்கக்கூடிய சிக்னல், வந்ததும் கை தயங்குகிறது. திரையில் நீர்மட்டம் 2.31 மீற்றர் என்று காட்டும், தாங்கியில் ஏறிப் பார்த்தால் 2.9 இருக்கும். எங்கே பிழை என்று தெரியாமல் மொடியூலைக் கழற்றி மாற்றுவார்கள். மாற்றியும் அதே 2.31.

மொடியூலுக்கு மீற்றரும் தெரியாது, பாகையும் தெரியாது. தன் டெர்மினலுக்கு வரும் கரண்டையோ வோல்ற்றையோ அளந்து ஓர் இலக்கமாக்கித் தருவது மட்டுமே அதன் வேலை. அந்த இலக்கத்துக்குப் பொருள் கொடுப்பவர் நீங்கள். ஆகவே சென்சரிலிருந்து திரைவரை எந்த இடத்தில் என்ன அளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பவருக்கு, பிழை இருக்கும் இடம் தானாகத் தெரியவரும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்குத்தான். எடுத்துக்காட்டுக்கு இரண்டு வேலைகள்: உயரத் தாங்கியின் நீர்மட்டம், நெல் உலர்த்தியின் சூடும் புளோவரும். இலக்கங்களைச் சீமென்ஸ் எஸ்7-1200 பி.எல்.சியின் முறையில் தருகிறேன். வேறு கொம்பனி மொடியூல் என்றால் இலக்கம் மாறும், வழி மாறாது.

படி 1: எந்தச் சிக்னல் என்று முடிவு செய்யுங்கள்

தொழிற்சாலையில் வழக்கமாகக் காணும் சிக்னல்கள் இரண்டு: 0–10 வோல்ற், 4–20 மில்லிஅம்பியர். சென்சரும் பனலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வோல்ற் போதும். தாங்கி வளவின் ஒரு மூலையிலும் பனல் இன்னொரு மூலையிலும் இருந்தால் 4–20 தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

காரணம் எளிது. நீண்ட வயரில் தடை உண்டு, அதில் வோல்ற் விழும். வழியில் விழுந்த அளவுக்கு மொடியூலுக்குக் குறைந்த வோல்ற்றே போய்ச் சேரும். கரண்ட் அப்படியல்ல. கசிவில்லாத வாய்க்காலில் மதகடியில் நின்று அளந்தாலும் வயலடியில் நின்று அளந்தாலும் ஓடும் தண்ணீர் ஒரே அளவுதான். அதேபோல ஒரே சுற்றில் எந்த இடத்தில் அளந்தாலும் கரண்ட் ஒன்றே. வயர் நீளமானால், அதே கரண்டை ஓட்டுவதற்கு ட்ரான்ஸ்மிற்றர் (சென்சரின் அளவைக் கரண்டாக்கி அனுப்பும் கருவி) தன்னில் விழும் வோல்ற்றைக் குறைத்துக்கொள்ளும்.

0 இல் தொடங்காமல் 4 இல் தொடங்குவதற்கும் காரணம் இருக்கிறது. தாங்கி வெறுமையானாலும் 4 மில்லிஅம்பியர் ஓடும். கரண்டே இல்லையென்றால் வயர் அறுந்துவிட்டது அல்லது சப்ளை போய்விட்டது என்று பொருள். அத்துடன், இரண்டு வயரில் ஓடும் ட்ரான்ஸ்மிற்றர் தன் உள் மின்னணுவுக்குத் தேவையான சக்தியையும் அந்த 4 இலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

படி 2: தாங்கிக்கான கணக்கை எழுதுங்கள்

தாங்கியின் அடியில் தொங்கவிடும் நீரமுக்க ட்ரான்ஸ்மிற்றரை எடுப்போம். 1 மீற்றர் தண்ணீர் 9.81 கிலோபாஸ்கல் அமுக்கம் தரும். 0–5 மீற்றர் என்று அடித்திருக்கும் ட்ரான்ஸ்மிற்றர் 0 மீற்றரில் 4 மில்லிஅம்பியரும் 5 மீற்றரில் 20 மில்லிஅம்பியரும் தரும். இடையில் நேர்கோடு. ஆக,

கரண்ட் = 4 + 16 × (மட்டம் ÷ 5)

2.5 மீற்றருக்கு 12 மில்லிஅம்பியர். தாங்கி 4 மீற்றரில் நிறையும் என்றால் 16.8. வேலை தொடங்குமுன் இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிறைந்த தாங்கியில் 20 வரவில்லையே என்று குழம்ப வேண்டியிருக்காது.

அப்புறம் சப்ளை போதுமா என்று பாருங்கள். 24 வோல்ற் சப்ளை. மொடியூலின் உள்தடை 250 ஓம் என்று வைத்தால் 20 மில்லிஅம்பியரில் அங்கே 5 வோல்ற் போகும். கேபிள் 200 மீற்றர், 1 சதுர மில்லிமீற்றர் செம்பு என்றால் போகவர 400 மீற்றர், சுமார் 7 ஓம், 0.15 வோல்ற்றுக்கும் குறைவு. மீதி 18 வோல்ற்றுக்கு மேல் ட்ரான்ஸ்மிற்றருக்குக் கிடைக்கிறது. பொதுவாக அதற்கு 10–12 வோல்ற் போதும், சரியான அளவு அதன் லேபிளில் இருக்கும். அதே சுற்றில் பழைய காட்சி மீற்றர் ஒன்றையும் தொடராகச் சேர்ப்பதானால் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். சப்ளை போதாவிட்டால் தாங்கி பாதிவரை சரியாகக் காட்டும், அதற்கு மேல் ஏறாது.

படி 3: மொடியூலுக்குள் என்ன நடக்கிறது

டெர்மினலுக்குள் நுழைந்த கரண்ட் முதலில் ஒரு துல்லியமான தடையியினூடாக ஓடி வோல்ற் ஆகிறது. 250 ஓம் என்றால் 4–20 மில்லிஅம்பியர் 1–5 வோல்ற் ஆகும். அந்த வோல்ற் ஒரு வடிகட்டியைக் கடந்து, சனல்களை (ஒவ்வொரு சென்சருக்குமான உள்ளீட்டு வழிகளை) ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யும் மின்னணுச் சுவிட்சுக்குப் போகிறது. 4 சனல் உள்ள பல மொடியூல்களில் அளக்கும் சிப் ஒன்றுதான் இருக்கும். அது சனல்களை வரிசையாக அளந்துகொண்டு வரும். அளந்த இலக்கம் மின்தொடர்பில்லாத தடுப்பு ஒன்றைத் தாண்டிப் மொடியூல்களை இணைக்கும் பின்பக்கப் பஸ் வழியாக, பி.எல்.சியின் மூளையான சிபியூவுக்குப் போகிறது.

இந்த வரிசைக்கு ஒரு விலை உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஓர் அலைக்கு 20 மில்லிசெக்கன். அளக்கும் நேரத்தையும் சரியாக 20 மில்லிசெக்கன் என்று வைத்தால், அந்த அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றையொன்று கழித்துவிடும், மின்கம்பி இரைச்சல் சிக்னலில் தெரியாது. ஆகவே மொடியூல் அமைப்பில் இரைச்சல் தடுப்பு என்று வரும் இடத்தில் 50 ஹேர்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள். வேறு நாட்டிலிருந்து அமைத்து வரும் பனலில் 60 இருந்தால் மாற்றுங்கள். சனலுக்கு 20 மில்லிசெக்கன் என்றால் 8 சனலுக்கு 160 ஆகும். நீர்மட்டத்துக்கும் சூட்டுக்கும் இது தாராளம். வேகமாக மாறும் அமுக்கத்துக்குக் காணாது.

பாவிக்காத சனலை அப்படியே விட வேண்டாம். வோல்ற் சனலின் இரு முனைகளையும் ஒன்றாக இணையுங்கள், கரண்ட் சனலை 0–20 என்று அமையுங்கள். இல்லாவிட்டால் அது கண்டபடி இலக்கம் காட்டும், எச்சரிக்கை விளக்கும் எரியும்.

துல்லியம் பற்றியும் ஒன்று. 12 பிட் என்றால் 4096 படிகள். 5 மீற்றரை 4096 ஆல் வகுத்தால் 1.2 மில்லிமீற்றர். ஆனால் ட்ரான்ஸ்மிற்றரின் பிழை 0.5 சதவீதம் என்றால் அதுவே 25 மில்லிமீற்றர். இப்படியான தாங்கிக்குக் கூடிய பிட் உள்ள மொடியூல் வாங்குவது வீண் செலவு. அந்தக் காசை நல்ல ட்ரான்ஸ்மிற்றரிலும் மின்னல் பாதுகாப்பிலும் போடுங்கள்.

படி 4: வயரிங்

அனலொக் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

இரண்டு வயர் ட்ரான்ஸ்மிற்றரானால் சப்ளையின் 24 வோல்ற்றிலிருந்து அதன் பிளஸ்ஸுக்கு, மைனஸிலிருந்து மொடியூலின் சனல் பிளஸ்ஸுக்கு, சனல் மைனஸிலிருந்து சப்ளையின் 0 வோல்ற்றுக்கு. நான்கு வயர் என்றால் ட்ரான்ஸ்மிற்றருக்குத் தனிச் சப்ளை இருக்கும், கரண்டைத் தானே தள்ளும். அதற்கு வெளியிலிருந்து மறுபடி 24 வோல்ற் கொடுத்தால் இரண்டு சப்ளைகள் ஒன்றோடொன்று மோதும். இந்த இரண்டையும் மாற்றிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். லேபிளைப் பார்க்காமல் வயர் நிறத்தைப் பார்த்து இணைப்பதால் வருவது இது.

எஸ்7-1200 இன் 1214 சிபியூவில் கூடவே வரும் இரண்டு அனலொக் உள்ளீடுகள் 0–10 வோல்ற் மட்டும் ஏற்கும். மேலதிக மொடியூல் வாங்கக் காசில்லை, 4–20 ட்ரான்ஸ்மிற்றர்தான் கையில் இருக்கிறது என்றால், உள்ளீட்டின் குறுக்கே 500 ஓம் தடையி ஒன்றைப் போடுங்கள். 4–20 அங்கே 2–10 வோல்ற் ஆகும். 20 மில்லிஅம்பியரில் அதில் 0.2 வாற் வெப்பம் வரும், ஆகவே அரை வாற் தடையி வேண்டும், 1 சதவீதமோ அதைவிடத் துல்லியமானதோ எடுங்கள். இப்படிச் செய்தால் இலக்கம் 0 இல் தொடங்காது, 5530 இல் தொடங்கும். இதைப் படி 5 இல் மறக்க வேண்டாம்.

கேபிள் முறுக்கிய சோடியாகவும் ஷீல்ட் (வயர்களைச் சுற்றிய உலோக உறை) உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஷீல்டைப் பனல் பக்கத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள், மறுமுனையை வெட்டி நாடா சுற்றி விடுங்கள். இரு பக்கமும் எர்த் செய்தால், தாங்கியடி நிலத்துக்கும் பனலடி நிலத்துக்கும் இடையே உள்ள சிறு வோல்ற் வேறுபாடு ஷீல்டினூடாகவே கரண்டை ஓட்டும். மோட்டர் கேபிள் போகும் தட்டில் சிக்னல் கேபிளைப் போட வேண்டாம். கடந்தே ஆக வேண்டுமென்றால் குறுக்காக, நேர்கோணத்தில் கடந்து போகட்டும்.

ஓர் ஆலையின் உலர்த்தியில் இதைக் கண்ணால் கண்டேன். புளோவர் நின்றபோது சூடு 41.8 பாகையில் அசையாமல் நின்றது. புளோவரை ஓட்டும் வி.எஃப்.டி (மோட்டரின் வேகத்தை மாற்றும் கருவி) தொடங்கியதும் 38க்கும் 46க்கும் இடையே ஆடியது. புரோகிராமில் சராசரி எடுக்கும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தன, ஆட்டம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. தட்டின் மூடியைத் திறந்தால் சென்சர் கேபிளும் மோட்டர் கேபிளும் ஒரே கட்டுக்குள், நைலோன் பட்டியால் இறுக்கிக் கட்டப்பட்டுக் கிடந்தன. ஷீல்ட் இரு முனையிலும் எர்த். சென்சர் கேபிளைத் தனிக் குழாயில் எடுத்து, உலர்த்திப் பக்க எர்த்தைக் கழற்றிய பிறகு வி.எஃப்.டி ஓடும்போதும் 41.8 அசையவில்லை. வயரிங்கில் திருத்த வேண்டியதைப் புரோகிராமில் மறைக்க வேண்டாம்.

சூட்டுக்கு வருவோம். விதைநெல்லை 43 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் முளைதிறன் கெடும். ஆகவே இங்கே சில பாகை பிழையும் பெரிய பிழை. பி.ரி. 100 என்பது சூட்டுக்கேற்பத் தடை மாறும் சென்சர்: 0 பாகையில் 100 ஓம், 100 பாகையில் 138.5 ஓம். பாகைக்கு 0.385 ஓம் மட்டும். 30 மீற்றர் தூரத்துக்கு அரை சதுர மில்லிமீற்றர் வயரில் இரண்டே வயர் இழுத்தால், வயரின் தடை மட்டும் 2 ஓமுக்கு மேல். திரை உண்மையைவிட 5 பாகைக்கு மேல் கூட்டிக் காட்டும், நெல் காயாமலே உலர்த்தி சூட்டைக் குறைத்துவிடும். மூன்று வயர் இழுங்கள். மூன்றாவது வயரால் மொடியூல் வயரின் தடையை அளந்து கழித்துக்கொள்ளும்.

படி 5: இலக்கத்தை மீற்றராக்குங்கள்

சீமென்ஸில் 4–20 என்று அமைத்த சனலில் 4 மில்லிஅம்பியர் 0 ஆகவும் 20 மில்லிஅம்பியர் 27648 ஆகவும் வரும். வேறு கொம்பனிகளில் 4000, 8000, 16000 என்று வேறு உச்சங்கள் இருக்கும், கையேட்டில் பாருங்கள். நம் தாங்கிக்கு,

மட்டம் = 5 × இலக்கம் ÷ 27648

2.5 மீற்றரில் 13824, 4 மீற்றரில் 22118. எஸ்7-1200 புரோகிராமில் நார்ம்_எக்ஸ், ஸ்கேல்_எக்ஸ் என்ற இரண்டு கட்டளைகள் இதைச் செய்யும். கீழ், மேல் எல்லைகளாக முதலாவதில் 0, 27648, இரண்டாவதில் 0.0, 5.0. மேலே சொன்ன 500 ஓம் வழி என்றால் முதலாவதில் 5530, 27648.

கட்டளை இல்லாத பி.எல்.சியில் நீங்களே பெருக்கி வகுப்பதானால் முழு எண்ணில் பெருக்க வேண்டாம். 16 பிட் முழு எண் 32767 ஐத் தாண்டாது. 13824 ஐ 5 ஆல் பெருக்கினாலே பொங்கி வழிந்து குப்பை இலக்கம் வரும். முதலில் தசம எண்ணாக மாற்றிவிட்டுப் பெருக்குங்கள். பி.ரி. 100 மொடியூலுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், அது பாகையைப் பத்து மடங்காகவே தரும்: 430 என்றால் 43.0.

சனலை 0–20 என்று விட்டுவிட்டு 4–20 ட்ரான்ஸ்மிற்றரை இணைத்தால் வெறும் தாங்கியில் 5530 வரும், திரையில் 1 மீற்றர் தெரியும். தாங்கி ஏற ஏற இந்தப் பிழை குறைந்து 5 மீற்றரில் இல்லாமலே போகும். கீழே பெரிய பிழையும் மேலே சிறிய பிழையும் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

படி 6: பழுதைப் பி.எல்.சியே கண்டுபிடிக்கட்டும்

3.6 மில்லிஅம்பியருக்குக் கீழும் 21க்கு மேலும் போகும் சிக்னலைப் பழுது என்று கொள்வது தொழில்வழக்கு. பல ட்ரான்ஸ்மிற்றர்கள் தமக்குள் பழுது வந்தால் வேண்டுமென்றே அந்த அளவுக்குப் போகும். 4–20 என்று அமைத்த சனலின் இலக்கத்தில் இது –691 உம் 29376 உம். புரோகிராமில் ஒரு வரி: இலக்கம் –691 ஐவிடக் குறைவு அல்லது 29376 ஐவிடக் கூட, இப்படி 2 செக்கன் நீடித்தால் பழுது.

பழுது வந்தால் என்ன செய்வது என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வயர் அறுந்த நிமிடம் பி.எல்.சி தாங்கி வெறுமை என்று நினைத்துப் பம்மைப் போடலாம், விடியவிடியத் தண்ணீர் வழியலாம். கோடையில் கிணறு வற்றும் ஊர்களில் அது சும்மா விடக்கூடிய விஷயமல்ல. பழுது என்றால் பம்மை நிறுத்து, விளக்கைப் போடு. அதோடு தாங்கியின் வாய்ப்பக்கம் ஒரு சாதாரண மிதவைச் சுவிட்சை வைத்து, பி.எல்.சியைத் தொடாமல் நேரடியாகப் பம்மின் கொன்டக்டரை வெட்டும்படி இணையுங்கள்.

படி 7: வெளியீட்டு மொடியூல்

இங்கே எல்லாம் மறுதிசை. நீங்கள் கொடுக்கும் இலக்கத்தை மொடியூல் வோல்ற்றாகவோ கரண்டாகவோ மாற்றி, அடுத்த இலக்கம் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். உலர்த்திப் புளோவரின் வி.எஃப்.டிக்கு 0–10 வோல்ற் கொடுக்கிறோம், அது 0–50 ஹேர்ட்ஸ் என்று அமைத்திருக்கிறது என்று வைப்போம். 35 ஹேர்ட்ஸ் வேண்டுமென்றால் 7 வோல்ற், இலக்கம் 19354. இந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டால் பிழை அந்தக் கட்டத்தில். வோல்ற் சரி, வேகம் பிழை என்றால் மொடியூலை விடுங்கள், வி.எஃப்.டியின் அமைப்பைத் திறவுங்கள். அங்கே உச்சம் 60 ஹேர்ட்ஸ் என்று கிடக்கலாம், அல்லது உள்ளீட்டுச் சுவிட்ச் கரண்ட் பக்கம் இருக்கலாம்.

வேகத்தைக் குறைப்பது வீணல்ல. புளோவருக்குத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் மாறும். காற்று போதுமென்றால் 40 ஹேர்ட்ஸில் ஓட்டிப் பாருங்கள், சக்தி ஏறத்தாழ அரைவாசிக்கு இறங்கும். மின்கட்டணத்தில் அது தெரியும்.

கரண்ட் வெளியீடானால் எதிர்ப்பக்கத் தடைக்கு ஓர் எல்லை இருக்கும், எஸ்7-1200 வெளியீட்டு மொடியூலில் 600 ஓம். 250 ஓம் உள்ளீட்டுடைய வி.எஃப்.டி இரண்டைத் தொடராக ஓட்டலாம், மூன்றை ஓட்ட முடியாது. வோல்ற் வெளியீட்டில் மறுபக்கம்: சுமை 1000 ஓமுக்குக் குறையக் கூடாது.

பி.எல்.சி நின்றுபோனால் வெளியீடு என்ன செய்ய வேண்டும்? மொடியூல் அமைப்பில் இதற்கு இரண்டு தெரிவுகள் உண்டு: கடைசி இலக்கத்தைப் பிடித்திரு, அல்லது நான் சொன்ன இலக்கத்துக்குப் போ. நிறையப் பேர் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. உமி அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது புளோவர் மட்டும் நின்றால் சூடு ஒரே இடத்தில் தேங்கும். எனவே உலர்த்திப் புளோவருக்கு ஒரு நடுத்தர வேகத்தை எழுதி வைப்பது என் வழக்கம். உமி தள்ளும் மோட்டருக்கு 0. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இப்படித் தனித்தனியாக யோசியுங்கள்.

படி 8: சோதித்து ஒப்படையுங்கள்

மல்டிமீற்றரின் சிவப்பு வயரை மில்லிஅம்பியர் துளைக்கு மாற்றி, சுற்றைத் திறந்து தொடராகப் போடுங்கள். குறுக்கே வைத்தால் மீற்றரின் பியூஸ் போகும். கையில் 4–20 அனுப்பும் கலிபிறேற்றர் இருந்தால் ட்ரான்ஸ்மிற்றரைக் கழற்றிவிட்டு 4, 8, 12, 16, 20 என்று அனுப்புங்கள். இலக்கம் 0, 6912, 13824, 20736, 27648. திரையில் 0, 1.25, 2.5, 3.75, 5 மீற்றர். ஐந்தும் சரியென்றால் பனலுக்குள் எல்லாம் சரி, இனித் தேட வேண்டியது கேபிளிலும் தாங்கியிலும்தான். இந்த ஐந்து வரியையும் அச்சடித்துப் பனல் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். காலபோக அறுவடையில் ஆலை இரவுபகலாக ஓடும்போது பழுது பார்க்க வருபவர் வேறொருவராக இருக்கலாம்.

படி 9: ஐப்பசி இடிக்கு முன்

வன்னி வெளிகளில் உயரத் தாங்கிதான் பெரும்பாலும் சுற்றாடலில் உயர்ந்த பொருள். ஐப்பசி, கார்த்திகையில் இடிமழை தொடங்கும்போது முதலில் அடிபடுவது அதிலுள்ள ட்ரான்ஸ்மிற்றர், அடுத்தது அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கும் மொடியூல். மின்னல் நேரடியாக விழவே தேவையில்லை, பக்கத்தில் விழுந்தாலே நீண்ட கேபிளில் வோல்ற் எழும். 4–20 சிக்னலுக்கென்றே செய்த மின்னல் பாதுகாப்பி ஒன்றைப் பனல் நுழைவிலும் இன்னொன்றைத் தாங்கியடியிலும் வையுங்கள். அதிலிருந்து எர்த்துக்குப் போகும் வயர் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும், சுருட்டி வைத்தால் பயனில்லை. முடிந்தால் சனலுக்கு முன்னால், இரு பக்கத்தையும் மின்தொடர்பின்றிப் பிரிக்கும் ஒரு சிக்னல் ஐசொலேற்றரும் போடுங்கள், அடி விழுந்தால் பெரும்பாலும் அது போகும், மொடியூல் தப்பும்.

மழைக்கு முன் ஒரு நாள் ஏறி, ட்ரான்ஸ்மிற்றர் கேபிளுக்குள் ஓடும் காற்றுக்குழாயின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீரமுக்க ட்ரான்ஸ்மிற்றர் வெளிக் காற்றமுக்கத்தைக் கழிப்பது அந்தக் குழாயினால்தான். சந்திப்புப் பெட்டியில் அதையும் சேர்த்து நாடா சுற்றி அடைத்துவிடுவார்கள். அடைபட்டால் காற்றமுக்கம் மாறும்போதெல்லாம் மட்டமும் சேர்ந்து மாறும், தண்ணீர் அசைந்திருக்காது. ஈரம் உள்ளே இறங்கியிருந்தால் அந்த ட்ரான்ஸ்மிற்றர் நீண்டநாள் நிற்காது, மாற்று ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். பெட்டியின் வயர் நுழைவு கீழ்நோக்கி இருக்கட்டும், காற்றுக்குழாயைப் பெட்டிக்குள் திறந்தபடி விடுங்கள், சிலிக்கா ஜெல் பொதி ஒன்றையும் உள்ளே போட்டு மூடுங்கள்.